மூணு நாள் கழிச்சு கண்ணாடியைத் திருப்பிக் கேட்டு வந்த அம்மா (உங்க கிளப் அனுபவமும் சொல்லுங்க)

கடைசிவரிசை:
பழைய மூக்குக்கண்ணாடி கலெக்‌ஷன் உங்க லயன்ஸ், ரோட்டரி கிளப்லயும் நடந்திருக்கும், இல்லாதவங்களுக்கு அனுப்பறதுக்காக. டப்பா வைக்கறது, கழுவறது, லென்சோமீட்டர்ல பவர் பாத்து கவர் மேல எழுதறது எல்லாம் தெரிஞ்ச கதைதான், நேரா விஷயத்துக்கு வரேன். இந்தத் தடவை பிளஸ் ஒரு கார்ட்டன் மைனஸ் ஒரு கார்ட்டன்னு பிரிக்கற வேலை எனக்கு. ஒரு அம்மா வந்து, "தம்பி, மூணு நாள் முன்னாடி இந்த டப்பால ஒரு கண்ணாடி போட்டேன், அவரோடது, திருப்பித் தர முடியுமா"ன்னாங்க. அடையாளம் கேட்டா கறுப்பு ஃப்ரேம்ங்கறாங்க. நூத்துக்கு எழுபது கறுப்பு ஃப்ரேம்தான். நானும் இன்னொரு பையனும் ஒரு மணி நேரம் கவர் கவரா கொட்டி, கடைசில ஒண்ணை எடுத்து நீட்டினேன். போட்டெல்லாம் பாக்கல, காதுல மாட்டற அந்த வளைவை மட்டும் விரலால தடவிட்டு "இதேதான்"னாங்க. கூட்டை மட்டும் வீட்லயே வெச்சிருந்திருக்காங்க போல, பையிலேர்ந்து அதைத் திறக்கும்போது உள்ளேர்ந்து ஒரு சீட்டு மேஜை மேல விழுந்துச்சு, டாக்டர் எழுதின பவர் சீட்டு, ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.50. அவங்க கையில இருந்த கண்ணாடி சரியா அந்தச் சீட்டுக்கு மேல, அது வழியா எழுத்து பெருசா தெரியுது. மைனஸ் லென்ஸ்ல எழுத்து சின்னதாத்தானே தெரியணும், ரெண்டு வாரமா இதே வேலையா இருந்தவனுக்குத் தெரியாதா. அவங்களும் பாத்தாங்க, ஒரு செகண்ட். அப்புறம் சீட்டை மடிச்சு கூட்டுக்குள்ள வெச்சுட்டு போயிட்டாங்க. நான் வாயே திறக்கல.

ஓபாசிட்டிவ்:
எனக்கு ரத்ததான கேம்ப். நூறு யூனிட்னு தலைவர் முதல்நாளே மைக்ல சொல்லிட்டார், மதியம் தாண்டியும் எண்பத்திச் சொச்சத்துலயே நிக்குது, எல்லாருக்கும் டென்ஷன். அப்ப ஒருத்தர் வந்தார், அன்னிக்கு அவர் தம்பி இறந்த நாளாம், வருஷா வருஷம் குடுக்கணும்னு இந்த வருஷம்தான் முதல் தடவை வரார். விரல்ல குத்தி அந்த நீலத் தண்ணியில, காப்பர் சல்ஃபேட்ல, ஒரு சொட்டு விடுவாங்கல்ல, முங்கிடுச்சுன்னா ஹீமோகுளோபின் 12.5 இருக்குன்னு அர்த்தம், மிதந்தா ஆளு திரும்பிப் போகணும். இவர் சொட்டு பாதி தூரம் இறங்குச்சு, அப்படியே நின்னுச்சு, மெதுவா மேல வந்துடுச்சு. நான், அவர், டெக்னீஷியன், மூணு தலையும் அந்தச் சின்னக் குப்பி மேலதான். "இன்னொரு விரல்ல எடுத்துப் பாருங்க"ன்னார். அதுவும் மேல வந்துச்சு. எங்க ஆள் ஒருத்தர் காதுல வந்து கொஞ்சம்தானே குறையுது விட்டுடலாம்ங்கறார், டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பாக்காம "முடியாது"ன்னாங்க, நல்லவேளை. போகும்போது அவர் கேட்டது, "பேரையாவது எழுதிக்கறீங்களா". எழுதினேன். பக்கத்து கட்டத்துல நிராகரிப்புன்னும் நான்தான் எழுதணும். அவர் நின்னு பாத்துக்கிட்டிருக்கும்போதே எழுதினேன்.

பழையசெக்ரட்டரி:
கடைசிவரிசை, கோச்சுக்காதீங்க, எனக்கு அந்தக் கண்ணாடி கலெக்‌ஷனே ஒத்துவராது. ஒருத்தர் கண்ணுக்கு வெட்டின லென்ஸ் இன்னொருத்தருக்கு எப்படிங்க பொருந்தும்? ரெண்டு கண்ணுக்கும் வேற வேற பவர், சிலிண்டர்னு ஒரு பவர் இருந்தா அதுக்கு ஒரு கோணம், அதுக்கு மேல கீறல். கழுவி, பிரிச்சு, அனுப்பற செலவுக்கு நேரா கண் டெஸ்ட் பண்ணி புதுசே வாங்கிக் குடுத்துடலாம். என் அனுபவம் சின்னது: ஒரு நிதி திரட்டல் ராத்திரி உண்டியலைக் கொட்டினா, சில்லறைக்கு நடுவுல ஒரு கல்யாண மோதிரம். யார் போட்டாங்க, தெரிஞ்சு போட்டாங்களா கழண்டு விழுந்துச்சா, இன்னிக்கு வரைக்கும் தெரியாது, யாரும் கேட்டும் வரல. அதை விடுங்க, அதனால சொல்றேன், இங்க புதுசா பொறுப்புக்கு வந்தவங்க கேட்டுக்கோங்க. உண்டியலை எப்பவும் ரெண்டு பேர் உக்காந்து அந்த எடத்துலயே எண்ணணும், எண்ணினதும் ரெண்டு பேரும் கையெழுத்து. ரசீது புக் வரிசை எண்ணோட குடுங்க, மிச்ச அடிக்கட்டையைத் திருப்பி வாங்காம விடாதீங்க, கிழிச்சுட்டேன்னு சொன்னா கிழிச்சதையும் ஒட்டிக் குடுக்கச் சொல்லுங்க. நிர்வாகக் கணக்கு தனி, சேவைக் கணக்கு தனி. பொதுமக்கள் குடுத்த காசு பொதுமக்களுக்கே போகணும், நம்ம கூட்டம், பேனர், மாலை எல்லாம் சந்தாவிலேர்ந்துதான். செக்குக்கு ரெண்டு கையெழுத்து, வெத்துச் செக்குல முன்கூட்டியே போட்டு வைக்கற பழக்கம் இருந்தா இன்னிக்கே நிறுத்துங்க. ஜூலை 1ல புது டீம் வரும்போது பாஸ்புக்கை மட்டும் நீட்டாம பாக்கிப் பட்டியலும் எழுதிக் குடுங்க. ஓபாசிட்டிவ், உங்க கேம்ப்ல டார்கெட்டை மைக்ல சொன்னதுதான் முதல் தப்பு.

வால்முறுக்கி:
செக்ரட்டரி சார், உங்க காலத்து மினிட்ஸ் எவ்ளோ நீளம் இருந்திருக்கும்னு புரியுது. என் பேரைப் பாத்தாலே சிலருக்கு வேலை என்னன்னு தெரிஞ்சிருக்கும், லயன்ஸ்ல டெயில் ட்விஸ்டர்னு ஒரு பதவி, கூட்டத்துல லேட்டா வந்தா ஃபைன், ஃபோன் அடிச்சா ஃபைன், டை கோணலா இருந்தா ஃபைன். ஒரு மெம்பர் அரை மணி நேரம் லேட்டு. நான் எழுந்து பயங்கரமா நக்கலடிச்சு, வீட்ல விட மாட்டேன்னுட்டாங்களான்னு கேட்டு, ஹாலே சிரிச்சுது. அவரும் சிரிச்சுக்கிட்டேதான் குடுத்தார். அவர் மனைவி ஐசியூல இருந்தாங்கன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது, அங்கேர்ந்து நேரா வந்திருக்கார், ஏன்னா அன்னிக்கு செயற்கைக் கால் முகாம் கணக்கு அவர்தான் படிக்கணும். அடுத்த கூட்டத்துல எழுந்து எனக்கு ஃபைன் போடுங்கன்னேன். எங்க விதிப்படி வால்முறுக்கிக்கு ஃபைன் போடணும்னா வந்திருக்கற அத்தனை பேரும் ஒத்துக்கணும், ஒருத்தர் மறுத்தாலும் செல்லாது. எல்லாக் கையும் தூக்கியாச்சு. ஒரே ஒரு கை மட்டும் மேஜை மேலயே இருந்துச்சு. அவரோடது.

சொட்டுமருந்து:
பழையசெக்ரட்டரி கண்ணாடியை மட்டும் ஏன் சொல்றீங்க, அந்தக் கணக்குல பாத்தா எதுவுமே பண்ண வேணாம். ரோட்டரி 1985ல போலியோவை ஒழிக்க போலியோபிளஸ் திட்டம் ஆரம்பிச்சப்பவும் இதெல்லாம் நடக்கற காரியமான்னு கேட்டவங்க இருந்திருப்பாங்க. 1988ல 125 நாட்டுல வருஷத்துக்கு மூணரை லட்சம் கேஸ்னு கணக்கு, இப்ப இயற்கையா பரவற காட்டு வைரஸ் பரவல் நிக்காம இருக்கறது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ரெண்டுலதான். நம்ம பங்கு ஐஸ் பெட்டி தூக்கினதும், குப்பி லேபிள்ல, மருந்து சூட்டுல கெட்டுடுச்சான்னு காட்டற அந்த வட்டத்துக்குள்ள இருக்கற சதுரம் கறுத்துடுச்சான்னு பாத்ததும்தான். சதுரம் வட்டத்தோட நிறத்துக்கு வந்துட்டா தூக்கிப் போட்டுடணும்.
என் கதை ஒரு வாண்டு. சுண்டுவிரல்ல மை இருக்கு, போட்டாச்சுன்னு காட்டிட்டு ஓடப் பாத்தான். மை நீலமா இருந்துச்சு, எங்க மார்க்கர் ஊதா. பால்பாயிண்ட் பேனாவால அவனே தீட்டிக்கிட்டிருக்கான், அதுவும் தப்பான கையில. சிரிச்சுட்டு பிடிச்சு ரெண்டு சொட்டு விட்டோம். அப்புறம்தான் கவனிச்சேன், பக்கத்துல அவன் தங்கச்சி, அவ விரல்லயும் நீலம். அந்தக் கூட்டத்துல எத்தனை நீலம் எங்களைத் தாண்டிப் போச்சோ.

ராத்திரிபோன்:
கணக்கு, ரசீது எல்லாம் சரிங்க சார், இங்க யாரும் அதைக் கேக்கல. கண்தானம் எங்க கிளப்ல என் பொறுப்பு. 1925ல பார்வையில்லாத ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டுல வந்து பார்வையில்லாதவங்களுக்கு உதவுங்கன்னு பேசினதை மேடை மேடையா நானே ஒப்பிச்சிருக்கேன், மூச்சு விடாம சொல்வேன். ராத்திரி ரெண்டரைக்கு ஃபோன் வந்தா மேடைப் பேச்சு ஒண்ணும் உதவாது. ஒரு பொண்ணு, அப்பா இப்பத்தான் போயிட்டார், எழுதிக் குடுத்திருக்கார், என்ன பண்ணணும்ங்குது. 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், டீம் கிளம்பிட்டாங்க, அதுவரைக்கும் இமையை மூடி ஈரப்பஞ்சு வைம்மா, தலைக்கு ரெண்டு தலகாணி குடு, ஃபேனை நிறுத்திடும்மான்னு வரிசையா சொல்லிட்டே போறேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் கேக்குது, "ஃபேனை நிறுத்தினா அப்பாவுக்கு வேர்க்குமே அங்கிள்". கருவிழி காஞ்சுடும்மான்னு சொல்ல வாய் வரல. லைன்லயே இருந்தேன். கொஞ்ச நேரத்துல சுவிட்ச் சத்தம் கேட்டுச்சு.

கடைசிவரிசை:
பழையசெக்ரட்டரி சார், நீங்க சொல்றதுல பாதி எனக்கும் சரின்னுதான் படுது, அடுத்த கூட்டத்துல பேசறேன். கார்ட்டன் இன்னும் கிளம்பல. நாளைக்குப் போய் மைனஸ் 2.50 கவரை மட்டும் திரும்பப் பிரிக்கப் போறேன். கிடைச்சாலும் எங்க கொண்டுபோய்க் குடுக்கறது, அட்ரஸ்கூட வாங்கல. யாராச்சும் சும்மா இருந்தா பத்து மணிக்கு வாங்க, தனியா கொட்டிப் பாத்தா முடியாது.