புதுப்பிப்பு: பாப்பாவோடு ஊட்டி போய் வந்தாச்சு

ஒன்றரை வயதுப் பாப்பாவை ஊட்டிக்குக் கூட்டிப் போகலாமா, வளைவுகளில் வாந்தி எடுப்பாளா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தோழி குடும்பத்தோடு போய் வந்துவிட்டோம். சாலை வேண்டாமென்று மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். கல்லாறு தாண்டியதும் நடுவில் பற்கள் வைத்த தண்டவாளத்தைப் பிடித்து மெதுவாகத்தான் ஏறுகிறது, வாந்தியே இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், சாயங்காலமே குளிர் இறங்கிவிடுகிறது. குல்லாவைத்தான் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள்.

அப்புறம் தாவரவியல் பூங்கா. ஈரப் புல்லில் வெறுங்காலை வைத்தவள் சட்டென்று தூக்கிக்கொண்டாள். விரல்களை உற்றுப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். தோழியின் மகன் கையை நீட்ட, அதைப் பிடித்தபடி அவள் நடந்த ஏழெட்டு அடியை நாங்கள் நாலு பேரும் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். தைரியமாகப் போங்கள் என்று சொன்ன எல்லாருக்கும் நன்றி.