அசையாத இரை: டரான்டுலா குஞ்சுகளுக்கு உயிரில்லாத உணவு (அனுபவப் பகிர்வு)

கால் விரிப்பு (ஒரு கால் நுனியிலிருந்து எதிர்க்கால் நுனி வரை) 2 செ.மீ.க்குள் இருக்கும் ஸ்லிங்குகளுக்கு, அதாவது டரான்டுலா எனும் பெரிய மயிர்ச் சிலந்தியின் குஞ்சுகளுக்கு, உயிருள்ள பூச்சியைத் தவிர வேறு என்ன கொடுத்தீர்கள், எதை எடுத்தது, எது அப்படியே கிடந்து நாறியது என்பதை இங்கே எழுதுங்கள். இனம், குஞ்சின் அளவு, துண்டின் அளவு, எங்கே வைத்தீர்கள் என்ற நான்கும் கட்டாயம். "என்னோடது சாப்பிட்டுச்சு ப்ரோ" என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை.

இதைத் தொடங்கக் காரணம், குஞ்சு வாங்குபவர்களில் பாதிப் பேர் இரைக்கு ஏற்பாடு செய்யாமல்தான் வாங்குகிறார்கள். ஊசித்தலை அளவு கிரிக்கெட் பூச்சிக் குஞ்சுகள் டப்பாவில் வந்த வேகத்தில் செத்துவிடுகின்றன. பறக்காத பழ ஈ வளர்க்கும் குப்பி கோடை வெயிலில் படுத்துவிடுகிறது. இந்த இரண்டும் இல்லாமலே குஞ்சைப் பெரிதாக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

* * *

மீல்வேர்ம் (ஒருவகை வண்டின் புழு) துண்டுதான் எல்லாவற்றையும்விட எளிது. ஒரு டப்பா புழு, கொஞ்சம் ஓட்ஸ், ஒரு துண்டு கேரட் இருந்தால் மாதக்கணக்கில் ஓடும். டிலிட்டோகாட்ல் ஆல்போபைலோசஸ், பிராக்கிபெல்மா ஹமோரி, கிராமோஸ்டோலா புல்க்ரா என்று தரையில் வாழும் மெதுவான இனங்களின் 1 செ.மீ. குஞ்சுகள் இதைத் தயங்காமல் எடுக்கின்றன.

செய்முறை: புழுவை டிஷ்யூ மேல் வைத்து இடுக்கியால் தலையை நசுக்குங்கள். முழுதாகப் போடுவதாக இருந்தாலும் தலையை நசுக்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் அது கப்பில் மண்ணாகப் போட்டிருக்கும் கோக்கோபீட் எனும் தேங்காய் நார்த்தூளுக்குள் புகுந்துவிடும். பிறகு வண்டாக வெளியே வரும், அல்லது தோல் உரித்து மெத்தென்று கிடக்கும் குஞ்சைக் கடிக்கும். தலையை நசுக்கியபின் புது பிளேடால் வெட்டுங்கள். தலைப் பக்கமும் வால் நுனியும் கடினம், தூக்கிப் போடலாம். நடுப்பகுதியை 3 முதல் 4 மி.மீ. துண்டுகளாக்கினால் 2.5 செ.மீ. புழு ஒன்று ஐந்தாறு குஞ்சுகளுக்குப் போதும். குஞ்சு அரை செ.மீ.தான் என்றால் துண்டும் 2 மி.மீ. போதும். அப்போதுதான் தோல் உரித்த வெள்ளைப் புழு கிடைத்தால் விடாதீர்கள், அதன் தோல் மிக மென்மை.

துண்டை மண்மேல் நேராகப் போடாதீர்கள். கோக்கோபீட் ஒட்டிக்கொண்டால் ஈரத்தை அது உறிஞ்சிவிடும், குஞ்சுக்கும் பிடிக்காது. நகம் அளவு மரப்பட்டையிலோ சின்ன பிளாஸ்டிக் வில்லையிலோ வைத்து, வெட்டுமுகம் வளையின் வாயைப் பார்க்கும்படி ஒரு செ.மீ. தள்ளி வையுங்கள். வளைக்குள் திணிக்க வேண்டாம். அப்படிச் செய்தால் குஞ்சு மிரண்டு உள்ளே போய் மண்ணால் வாசலை அடைத்துக்கொள்ளும்.

பொழுது சாயும்போது வைத்துக் காலையில் பாருங்கள். எடுக்காததை 24 மணி நேரம் தாண்டி விடவே கூடாது. அறை 30 டிகிரியைத் தொடும் ஊராக இருந்தால் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம்: வெட்டிய முகம் சில மணி நேரத்தில் காய்ந்து ஆடை கட்டிவிடும். அதன்பின் குஞ்சு அதன்மேலேயே ஏறி நடந்தாலும் உணவு என்று கண்டுகொள்ளாது. "வைத்தேன், தொடவே இல்லை" என்று வரும் புகார்களில் நிறைய இதுதான். மதியம் வைத்திருப்பார்கள், இரவு குஞ்சு வெளியே வரும்போது துண்டு காய்ந்துபோயிருக்கும்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வளர்ந்த கிரிக்கெட் கையில் இருந்தால் அதன் பின்னங்காலின் தொடைப்பகுதி அரை செ.மீ. குஞ்சுகளுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கும். முள் இருக்கும் கீழ்க்காலை வெட்டி எறிந்துவிட்டு, தொடையின் அகன்ற முனையைத் திறந்து வையுங்கள். மேல் ஓடு கொஞ்சம் கெட்டி என்பதால் மீல்வேர்ம் துண்டைவிட மெதுவாகக் காயும். உடலை மூன்றாக வெட்டிப் பெரிய குஞ்சுகளுக்குப் போடலாம், ஆனால் குடல் பகுதி சீக்கிரம் அழுகும். அதை 12 மணி நேரத்துக்குமேல் விடாதீர்கள்.

* * *

செத்த இரையை ஏன் எடுக்கிறது, சில சமயம் ஏன் எடுப்பதில்லை என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

டரான்டுலாவுக்குக் கண் எட்டு இருந்தும் பார்வை சொற்பம். அதிர்வால்தான் இரை வருவது அதற்குத் தெரிகிறது. செத்த இரையில் அதிர்வு இல்லை. ஆனால் கால் நுனியிலும் முன்னால் இருக்கும் பால்ப் எனும் உணர்கால்களிலும் சுவை அறியும் மயிர்கள் உண்டு. அந்த மயிர்கள் பூச்சியின் உடல்நீரைத் தொட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். நசுக்க வேண்டும், வெட்ட வேண்டும், காயவிடக் கூடாது என்று சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

அடுத்தது, டரான்டுலா மென்று விழுங்குவதில்லை. செரிமான நீரை இரைமேல் கக்கி, கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கிறது. வாயருகே இருக்கும் மயிர்கள் துகள்களை வடிகட்டிவிடும். கடைசியில் ஒரு சின்ன உருண்டை மிஞ்சும். ஆகவே தூளாக இருப்பதும், முழுக்கக் காய்ந்திருப்பதும் அதற்கு உணவே இல்லை. பல்லிக்கும் ஓணானுக்கும் தூவும் கால்சியம் பவுடரை இதற்கும் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலந்தியின் ஓடு கைட்டினும் புரதமும் சேர்ந்தது, அதற்கு எலும்பு கிடையாது. பவுடர் வீண்.

மரத்தில் வாழும் இனங்களில் முறை மாறும். கரிபீனா வெர்சிகலர் குஞ்சு மேலே வலை பின்னி அங்கேயே கிடக்கும், தரையில் வைத்தால் இறங்கி வந்து பார்க்காது. துண்டை இடுக்கியால் எடுத்து வலைக்குழாயின் வாயில், நூலில் ஒட்டும்படி மெதுவாக விடுங்கள். ஈரம் நூலில் பிடித்துக்கொள்ளும். பொயசிலோதீரியா, டெரினோகைலஸ் முரைனஸ் மாதிரி மின்னல் வேகக்காரர்களுக்கு இடுக்கியால் ஆட்டிக் காட்டும் வேலையே வேண்டாம். மூடியைத் திறந்து, வைத்து, உடனே மூடுங்கள். சாதுவான இனங்களுக்கு மட்டும் 25 செ.மீ. நீள இடுக்கியால் துண்டை முன்னங்காலில் லேசாகத் தொட்டுக் காட்டலாம். ஒருமுறை பின்வாங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், துரத்தக் கூடாது.

பொயசிலோதீரியா பற்றிப் பேச்சு வந்ததால்: இந்தியாவிலும் இலங்கையிலும் காட்டில் இருக்கும் இனங்கள் அவை. 2019-இல் பேரினம் முழுவதும் சைட்டிஸ் எனும் காட்டுயிர் வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. காட்டில் பிடித்ததற்குத் தீனி கேட்டு இங்கே யாரும் வர வேண்டாம்.

* * *

அண்ணா, எங்க ஊர்ல மீல்வேர்மும் கிடைக்காது. கோழிக்கறி, முட்டை, மீனுக்குப் போடுற காய்ஞ்ச புழு, மழைக்கு வர்ற ஈசல், இதுல எதையாவது கொடுக்கலாமா? குஞ்சு 1 செ.மீ., ஆல்போபைலோசஸ்.

* * *

தம்பி, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பச்சைக் கோழிக்கறி: அவசரத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம், வழக்கமாக்காதே. கொழுப்பு, தோல் இல்லாத நெஞ்சுக்கறியில் 2 மி.மீ. துணுக்கு, உப்பு மஞ்சள் எதுவும் படாதது. ஆல்போபைலோசஸ் எடுத்துக்கொள்ளும். ஆனால் பூச்சியின் ஓடு மாதிரி அழுகலைத் தாங்கிப் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. நம் ஊர் வெப்பத்தில் ஒரே இரவில் வீச்சம் எடுக்கும். காலையில் தின்றதோ இல்லையோ, மிச்சத்தை எடுத்துவிடு. பூச்சியில் இருக்கும் சத்தின் கலவையும் கறியில் கிடையாது. சமைத்த கறி கூடவே கூடாது. புரதம் இறுகிவிடும், உப்பும் ஏறியிருக்கும்.

முட்டை: சின்ன வேட்டைச் சிலந்திகளுக்கு முட்டை மஞ்சள் கருவையும் பாலையும் கலந்து பஞ்சில் நனைத்துக் கொடுக்கும் வழக்கம் ஆய்வகங்களில் உண்டு. அங்கே தினமும் கழுவி மாற்ற ஆள் இருக்கும். குஞ்சு இருக்கும் 60 மி.லி. கப்பில் ஈர மண்மேல் அதைச் செய்தால் மறுநாள் பூஞ்சைத் தோட்டம்தான்.

காய்ந்த புழு: வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்து, குறுக்கே வெட்டி வைத்தால் சில குஞ்சுகள் பிடிக்கும். பெரும்பாலும் நீரை உறிஞ்சிவிட்டு விட்டுவிடும். வயிறு பெருக்காது. இதை நம்பி வாரங்களை ஓட்டாதே.

ஈசல்: புரதமும் கொழுப்பும் நிறைந்த அருமையான இரைதான். சிக்கல் எங்கே என்றால், கரையான் புற்றுக்கும் வீட்டு அடித்தளத்துக்கும் மருந்து அடிப்பது நம் ஊரில் சகஜம். எந்தப் புற்றிலிருந்து வந்தது என்று உனக்குத் தெரியப்போவதில்லை. வீட்டுக் கரப்பான், விளக்கடியில் விழும் பூச்சி எதற்கும் இதே பதில்தான். பூச்சிக்கொல்லி மிகச் சிறிதளவு இருந்தாலும் 1 செ.மீ. குஞ்சு தாங்காது, கால் நடுக்கம், தடுமாற்றம் என்று தொடங்கினால் மீட்பது கடினம்.

உனக்குச் சரியான வழி: புழுவைத் தபாலில் ஒருமுறை வரவழைத்து நீயே பெருக்கிக்கொள். அதுவரை குஞ்சு தாங்கும். வயிறு நிரம்பிய ஆல்போபைலோசஸ் இரண்டு மூன்று வாரம் தின்னாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. மண்ணின் ஈரம் மட்டும் குறையக் கூடாது, பசியைவிட வறட்சிதான் குஞ்சை முதலில் கொல்லும்.

* * *

உறைய வைத்த பூச்சி பற்றி யாரும் சொல்லவில்லை. ரெட் ரன்னர், டூபியா கரப்பான்களை உயிரோடு மூடிய டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் ஒருநாள் முழுக்க வைத்தால் போதும். ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிச் சின்னப் பொட்டலமாகப் போடுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. எடுத்து டிஷ்யூவில் 15 நிமிடம் அறை வெப்பத்தில் வைத்து, நீரை ஒற்றிவிட்டு வெட்டுங்கள். மைக்ரோவேவ், வெந்நீர் எதுவும் வேண்டாம், உள்ளே வெந்துவிடும்.

உருகிய பூச்சி கறுத்துக் குழையும், அது இயல்பு. ஆனால் புதிதாகக் கொன்றதைவிட வேகமாகக் கெடும், ஆகவே இரவு வைத்தால் காலையே கடைசிக் கெடு.

* * *

"எதை வைத்தாலும் தொடவில்லை" என்பவர்கள் உணவை மாற்றும் முன் வயிற்றைப் பாருங்கள். வயிறு பருத்து, பளபளத்து, கறுத்திருந்தால் தோல் உரிக்கப்போகிறது. வளை வாயை மண்ணால் அடைத்திருந்தால் சந்தேகமே இல்லை. தோண்டிப் பார்க்காதீர்கள், உணவும் வைக்காதீர்கள். ஈரத்தை மட்டும் பாருங்கள். உரித்தபின் நச்சுப்பல் முதலில் வெள்ளையாகவும் பிறகு சிவப்பாகவும் இருக்கும். கறுக்கும்வரை பொறுங்கள். சிறு குஞ்சுக்கு மூன்று முதல் ஐந்து நாள், வளர்ந்த பிறகு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அசையாத இரைதானே என்று அதற்கு முன்பே வைப்பவர்கள் இருக்கிறார்கள். மென்மையான பல்லால் அதைக்கூடக் குத்த முடியாது, துண்டு அழுகுவதுதான் மிச்சம்.

செத்த இரையில் வேறொரு ஆபத்து, அளவு மீறிக் கொடுத்துவிடுவது. உயிருள்ள பூச்சி என்றால் குஞ்சின் வயிற்றைவிடப் பெரிதாகப் போடப் பயப்படுவோம். துண்டு என்றதும் கை தாராளமாகிவிடுகிறது. வயிறு தலைமார்பைப் (கால்கள் முளைத்திருக்கும் முன்பகுதி) போல ஒன்றரை மடங்கு ஆனதும் அடுத்த வேளையைத் தள்ளிப் போடுங்கள். வேகமாக வளரும் இனத்துக்கு வாரம் இருமுறை, பிராக்கிபெல்மாவுக்கு வாரம் ஒருமுறை போதும். வெடிக்கும் நிலையில் வயிறு இருக்கும் குஞ்சு தவறி விழுந்தால் வயிறு கிழிந்துவிடும்.

"துண்டு கொடுத்தே வளர்த்தால் வேட்டையை மறந்துவிடும்" என்பதும் அடிக்கடி வரும் பேச்சு. ஆதாரமில்லாத பயம். 3 செ.மீ. தாண்டியதும் முன்னால் ஓடும் கிரிக்கெட்டை அவை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பாய்ந்து பிடிக்கின்றன.

* * *

சுத்தம் பற்றிக் கொஞ்சம். ஈரமான கப்பில் செத்த இரை கிடந்தால் முதலில் வெள்ளைப் பூஞ்சை, அடுத்து மைட் எனும் பொடி உண்ணி, அப்புறம் தத்தித் தத்தி ஓடும் ஃபோரிட் ஈ. இந்த ஈ மூடியில் ஊசியால் போட்ட காற்றுத் துளை வழியாகவே நுழைந்து முட்டையிடும். கறி வைப்பவர்களுக்குத்தான் இது அதிகம். துளைக்கு உள்பக்கம் நெருக்கமான நெட் துணி ஒட்டினால் பெருமளவு தடுக்கலாம்.

கப்பில் ஸ்பிரிங்டெயில் எனும் மிகச் சிறிய மண் உயிரியை விட்டு வைப்பது நல்ல பழக்கம். வெள்ளைப் பொடிபோல இருக்கும், குஞ்சைத் தொடாது, கண்ணில் படாமல் விட்டுப்போன துணுக்கையும் பூஞ்சையையும் தின்றுவிடும். மண் காய்ந்தால் அவை செத்துவிடும் என்பதால் அடிமண் எப்போதும் ஈரமாக இருக்கட்டும். மைட் ஏற்கெனவே பெருகிவிட்டால் ஸ்பிரிங்டெயிலை நம்பிக் காத்திருக்காதீர்கள். குஞ்சைப் புதுக் கப்புக்கு மாற்றி, பழைய மண்ணை மூடிய பையில் போட்டு எறிந்துவிடுங்கள். மாற்றும்போது தூரிகையால் பின்பக்கமிருந்து மெதுவாகத் தள்ளுங்கள், விரல் வேண்டாம்.