‘அரிடிஃபிகேஷன்’: ‘வறள்மையேற்றம்’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

‘அரிடிஃபிகேஷன்’ (ஒரு பகுதியின் காலநிலை நீண்டகாலப் போக்கில் வறண்டுவருவது) என்று வரும் இடங்களில் ‘வறட்சி’ என்றே எழுதிவிடுகிறார்கள். வறட்சி வரும், போகும். நல்ல மழை பெய்தால் தீரும். இது அப்படித் தீராது. ‘பாலைவனமாதல்’ நிலச் சீர்கேட்டுக்கு உரிய சொல்லாக நிலைத்துவிட்டதால் அதையும் இங்கே எடுக்க முடியாது.

ஆண்டு மழையை, நீர் தட்டின்றிக் கிடைத்தால் மண்ணும் பயிரும் ஆவியாக இழக்கக்கூடிய அளவால் (‘உச்ச ஆவியிழப்பு’ என்று வைத்துக்கொள்வோம்) வகுத்தால் வருவது வறள்மை எண். 0.65-க்குக் கீழே போனால் உலர்நிலம், 0.20 முதல் 0.50 வரை அரை வறள்நிலம். மழை 850 மி.மீ., ஆவியிழப்பு 1,700 மி.மீ. என்றால் எண் 0.50. மழை துளியும் குறையாமல், வெப்பத்தால் ஆவியிழப்பு மட்டும் 5 விழுக்காடு கூடினாலே 0.476 ஆகிவிடும். மழைமானியில் தெரியாத இந்த மாற்றத்துக்குத்தான் தனிச்சொல் வேண்டும். ‘வறள்மையேற்றம்’ என்பது என் பரிந்துரை. 2020 வரையான 30 ஆண்டுகளில் உலக நிலப்பரப்பில் 77.6 விழுக்காடு, அதற்கு முந்தைய 30 ஆண்டுகளைவிட வறண்டதாக ஐ.நா. அறிக்கை 2024 டிசம்பரில் ரியாத்தில் நடந்த பாலைவனமாதல் தடுப்பு மாநாட்டின்போது சொன்னது. இவ்வளவு பெரிய மாற்றம் தமிழில் பெயரில்லாமல் இருக்கக் கூடாது.

மறுமொழி

ஐயா, வறள்மை ஏற ஏற எண் இறங்குகிறதே, மாணவர்கள் குழம்பமாட்டார்களா? ‘வறள்நிலமாதல்’ என்றால் என்ன?

மறுமொழி

அது எல்லையைத் தாண்டிவிட்ட நிலத்துக்கு மட்டுமே பொருந்தும். 0.90-லிருந்து 0.80-க்கு இறங்கிய நிலமும் இதில் அடங்க வேண்டுமே. எண் தலைகீழாக ஓடுவதை வரையறையில் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

வயலிலும் இந்த வேறுபாடு முக்கியம். வறட்சி நிவாரணம் ஓராண்டுக்கானது. இங்கே ஆவியிழப்பை ஆண்டுதோறும் குறைத்தாக வேண்டும். பண்ணைக்குட்டையில் 600 கன மீட்டர் நீருக்கு 1.5 மீட்டர் ஆழம் என்றால் பரப்பு 400 சதுர மீட்டர். 3 மீட்டர் என்றால் 200. ஆவியாவதும் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் கரைக்குச் சரிவு விடாமல் நேர்குத்தாக வெட்டினால் மழையில் சரிந்துவிடும். மூடாக்கு (மண்மேல் பரப்பும் வைக்கோல், சருகு) 5 முதல் 10 செ.மீ. போதும்; தண்டை ஒட்டிப் போட்டால் அழுகும்.

பலர் கோட்டைவிடுவது சொட்டுநீரில். நனையும் வட்டத்தின் விளிம்பில் உப்பு படியும். தூறல் விழுந்ததும் வால்வை மூடினால், அந்த உப்பு கரைந்து வேருக்கு வந்து இலை ஓரம் கருகும். மழை வலுத்து மண்ணை நன்றாகக் கழுவும்வரை சொட்டுநீர் ஓடட்டும்.

‘தகவமைப்பு’ உயிரியலில் பரம்பரைப் பண்பைக் குறிப்பதால், இங்கே ‘வறள்மையேற்றத்துக்குத் தகவமைதல்’ என்று வினையாகவே எழுதலாம். மறுப்பு இருந்தால் தெரிவியுங்கள்.