12 அடி ராக்கெட்: வால் இறக்கையில் விரிசல், ஈர்ப்பு மையக் கணக்கிலும் குழப்பம். உதவி தேவை

தடா_பைபர்

வணக்கம். ஊர் தடா பக்கம். பழவேற்காடு ஏரிப் படகுகளுக்குப் பைபர் ஒட்டுவது தொழில். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்புவதை எல்லாம் மாடியிலிருந்தே பார்த்து வளர்ந்த கிறுக்கு, இப்போது கொட்டகையில் ஒரு ராக்கெட் உடம்பாகப் படுத்திருக்கிறது. நீளம் 3.6 மீட்டர், விட்டம் 30 செ.மீ., எடை 34 கிலோ. மோட்டார் இன்னும் இல்லை, குழாய் மட்டும்தான்.

சிக்கல் இரண்டு. 12 மி.மீ. மரைன் பிளைவுட் இறக்கை நான்கு. மேட் (கண்ணாடியிழை விரிப்பு), ரெசின் போட்டு ஒட்டிய மூலையில் முடி போல விரிசல் வருகிறது. அடுத்து, உடம்பை ஒரு குழாய் மேல் உருட்டி நிறுத்தினால் ஈர்ப்பு மையம் மூக்கிலிருந்து 2.25 மீட்டரில் நிற்கிறது. ஓப்பன்ராக்கெட் மென்பொருள் அழுத்த மையத்தை, அதாவது காற்றின் விசை வந்து சேரும் புள்ளியை, 2.75 மீட்டரில் காட்டுகிறது. விட்டத்தில் ஏறக்குறைய 1.7 மடங்கு இடைவெளி என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் மென்பொருளில் மோட்டாரைச் சேர்த்தால் 0.7 என்கிறது. எது சரி?

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார்

இரண்டும் சரிதான் தம்பி. வெறும் உடம்பை நிறுத்திப் பார்த்தது ஒன்று, பறக்கப் போகும் உடம்பு இன்னொன்று. மோட்டாருக்கு எத்தனை கிலோ போட்டீர்கள், அதன் மையம் எங்கே? பாராசூட், கயிறு, மின்னணுப் பெட்டி எல்லாம் உள்ளே வைத்துத்தான் எடை போட்டீர்களா?

தடா_பைபர்

மோட்டார் 14 கிலோ, மையம் மூக்கிலிருந்து 3.2 மீட்டர். பாராசூட் எதுவும் வைக்கவில்லை சார்.

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார்

அப்படியென்றால் கையாலேயே போட்டுவிடலாம். 34 × 2.25, 14 × 3.2 இரண்டையும் கூட்டினால் 121.3. மொத்த எடை 48 கிலோவால் வகுத்தால் 2.53 மீட்டர். அழுத்த மையத்துக்கு 22 செ.மீ.தான் மிச்சம், அதாவது விட்டத்தில் முக்கால் பங்குகூட இல்லை. ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு விட்டமாவது இருக்க வேண்டும் என்பது வழக்கம். பலர் ஒன்றரை வரை வைப்பார்கள். அளவுக்கு மீறி வைத்தாலும் தொல்லைதான், காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பிக்கொண்டு சாய்ந்து போகும். உங்கள் பக்கம் கடற்காற்று வேறு.

மூக்கு நுனியிலிருந்து 40 செ.மீ. தள்ளி 1.8 கிலோ ஈயம் வைத்தால் ஒரு விட்டம் கிடைக்கும். ஒன்றரைக்கு 5.7 கிலோ ஆகும். வலை ஈயம் உங்கள் ஊரில் கிடைக்காமலா இருக்கும்? ஆனால் முதலில் பாராசூட், கயிறு, பெட்டி எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வையுங்கள். மோட்டார் குழாயில் 14 கிலோ மணல் மூட்டையைக் கட்டி, மறுபடி உருட்டி நிறுத்துங்கள். முன்பக்கப் பாரம் கூடுவதால் ஈயம் குறையலாம். எரிபொருள் எரிய எரிய வால் எடை குறைந்து ஈர்ப்பு மையம் முன்னே நகரும். அதனால் கிளம்பும் நொடியில் சரியாக இருந்தால் போதும், பிறகு நிலைமை நல்லதாகவே போகும்.

ஆரம்பாக்கம்_மோல்டிங்

விரிசலுக்கு நான் சொல்கிறேன் அண்ணா, நானும் அதே தொழில்தான். படகு ரெசின் பாலியெஸ்டர். காயும்போது சுருங்கும், மரத்தோடு பிடிப்பும் குறைவு. படகில் அகலமாக ஒட்டுவதால் தெரியாது, இறக்கை மூலை போல ஒரே கோட்டில் பாரம் வரும் இடத்தில் காட்டிக் கொடுத்துவிடும். எப்பாக்ஸி ரெசினுக்கு மாறுங்கள். பழைய பாலியெஸ்டரை எமரி பேப்பரில் நன்றாகச் சொரசொரப்பாக்கினால் எப்பாக்ஸி அதன் மேல் பிடிக்கும். எப்பாக்ஸி மேல் பாலியெஸ்டர் போட்டால் சரியாகப் பிடிக்காது. கடையில் மிச்சமிருக்கும் மேட்டை எப்பாக்ஸியில் போடாதீர்கள். அதன் பசை பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது, எப்பாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை. நெய்த துணிதான் வேண்டும்.

இறக்கையை வெளித்தோலில் மட்டும் ஒட்டியிருக்கிறீர்களா? உடம்பில் நீள வெட்டு போட்டு, இறக்கையின் அடியை உள்ளே மோட்டார் குழாய் வரை இறக்கி, உள்ளேயும் வெளியேயும் ஒட்டுங்கள். எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள், புது இறக்கையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டினால் அழுத்த மையமும் பின்னே போகும். எடை கூடுவதை மட்டும் கணக்கில் சேருங்கள்.

சூலூர்ப்பேட்டை_பையன்

ப்ரோ, மோட்டார் எதற்கு வாங்க வேண்டும்? சர்க்கரை வைத்து வீட்டிலேயே செய்கிறார்களே, வீடியோ நிறைய இருக்கிறது.

பாறசாலை_ரிட்டயர்டு

வேண்டாம் மக்களே. 14 கிலோ மோட்டாரை வீட்டில் கிண்டுவது விளையாட்டு இல்லை, ஒரு தீப்பொறி போதும். சட்டமும் விடாது. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம், 2008ஆம் ஆண்டு விதிகள்படி உரிமம் இல்லாமல் செய்யவும் வைத்திருக்கவும் கூடாது. உரிமம் பெசோ என்ற மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு வழியாக வர வேண்டும். அமெரிக்காவில் படிப்படியாகத் தேர்ச்சி காட்டினால்தான் இந்த அளவு மோட்டாரை விற்பார்கள். எம், என், ஓ என்ற பெரிய மோட்டார் வகைகளுக்கு மூன்றாம் நிலைச் சான்று கட்டாயம். நமக்கு அப்படி ஒரு பொழுதுபோக்கு ஏற்பாடு இல்லை.

தடா தம்பிக்கு இன்னொரு விஷயம். உங்கள் வானம் ஸ்ரீஹரிகோட்டாவின் வானம். 1971லிருந்து அங்கே ஏவுகிறார்கள். பக்கத்தில் நின்று தனியாள் ஒருவர் எதையும் மேலே விட முடியாது. கேட்காமல் விட்டால் வருவது போலீஸ் மட்டும் இல்லை.

ஆனால் உடம்பை விடாதீர்கள். 2009 ஏப்ரலில் ஸ்டீவ் ஈவ்ஸ் என்பவர் நிலவுக்கு ஆள் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் 36 அடி உயர மாதிரியை மேரிலாந்தில் ஏவினார், எடை 700 கிலோவுக்கு மேல். அவர் கார் பாடி வேலை செய்தவர், உங்களைப் போலப் பைபர் கை.

தடா_பைபர்

அப்போது என்னதான் செய்வது ஐயா? கண்காட்சிக்கு வைத்துவிடவா?

பாறசாலை_ரிட்டயர்டு

தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசின் இன்ஸ்பேஸ் அமைப்பு மாணவர்களுக்கு மாதிரி ராக்கெட் போட்டி நடத்துகிறது. திருப்பதி, சென்னைப் பொறியியல் கல்லூரிகளில் ராக்கெட் குழு இருந்தால் பேசிப் பாருங்கள். அனுமதியும் மோட்டாரும் அவர்கள் பக்கம், பைபர் வேலை உங்கள் பக்கம் என்றால் யாருக்கும் கசக்காது. 2024 ஆகஸ்டில் சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தையிலிருந்து ரூமி 1 ராக்கெட் போனதும் ஒரு நிறுவனம் அனுமதியோடு செய்ததுதான்.

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார்

குழுவிடம் போகும்போது இரண்டு எண் கையில் இருக்கட்டும். மொத்தம் 50 கிலோ என்றால் எடையைப் போல 5 மடங்கு, அதாவது ஏறக்குறைய 2,450 நியூட்டன் உந்துவிசை கேட்பார்கள். அந்த விசையில் ராக்கெட்டைப் பிடித்து வழிநடத்தும் 3 மீட்டர் ஏவுதண்டவாளத்தை விடும்போது நொடிக்கு 15 மீட்டர் வேகம் வந்துவிடும், இறக்கைகள் வேலை செய்ய அது போதும்.

தடா_பைபர்

சரி சார். இறக்கையைக் கழற்ற ஆரம்பிக்கிறேன். பாராசூட் எவ்வளவு பெரிது வேண்டும்? ஏரியில் விழுந்தால் தேட முடியாது.

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார்

எரிபொருள் தீர்ந்து 40 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். நொடிக்கு 6 மீட்டரில் இறங்க ஏறக்குறைய 5.4 மீட்டர் விட்டம் வேண்டும். ஆனால் அதை உச்சியிலேயே விரித்தால் 1,500 மீட்டர் இறங்க 4 நிமிடத்துக்கு மேல் ஆகும், காற்று ஒன்றரைக் கிலோமீட்டர் இழுத்துப் போய்விடும். உச்சியில் சின்னது ஒன்று, 300 மீட்டரில் பெரியது, இப்படி இரண்டாகப் பிரியுங்கள். துணிக்கு ரிப்ஸ்டாப் நைலான் (கிழிசல் பரவாத நெசவு) கேளுங்கள், குடைத்துணி வேண்டாம்.