கைடு மேல் பூசிய எபாக்ஸி நாலு நாளாகியும் ஒட்டுகிறது, ராட் வளைந்தால் ‘டிக்’ சத்தம்: உதவி தேவை

கெண்டை:
வணக்கம். 7 அடி கார்பன் ஸ்பின்னிங் ராட் (மீன் பிடிக்கும் தூண்டில் கோல்), இரண்டு துண்டு. மேல் துண்டில் மூன்று கைடுகளை (லைன் ஓடும் வளையங்களை) ராடோடு கட்டியிருந்த நூல் பிரிந்துவிட்டது. பழையதைக் கழற்றிப் புது கைடு வைத்து, ஏ அளவு நைலான் நூலால் சுற்றி, ராட் வேலைக்கென்றே வரும் இரண்டு பாட்டில் எபாக்ஸியைப் (ஒன்றில் ரெசின், மற்றதில் அதை இறுக்கும் ஹார்டனர்) பூசினேன். இப்போது மூன்று சிக்கல்.

பூசி நாலு நாள் ஆகிறது, விரலை வைத்தால் இன்னும் ரேகை பதிகிறது. நடு கைடில் மட்டும் எபாக்ஸி அங்கங்கே விலகிக் குண்டூசித் தலை அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது, அடியில் நூல் தெரிகிறது. மூன்றாவது, ராடைக் கோர்த்து வளைத்தால் ‘டிக், டிக்’ என்று சத்தம். எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை.

கலந்த விதம்: இரண்டு பாட்டிலிலிருந்தும் 20, 20 சொட்டு. காகிதக் கப்பில் குச்சியால் அரை நிமிடம் கலக்கினேன். நடு கைடுக்குப் போதாமல் போனதால், அதற்கு மட்டும் மருந்து சிரிஞ்சில் அளந்து தனியாகக் கலந்தேன். அறை வெப்பம் 18 டிகிரி இருக்கும். எல்லாவற்றையும் உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

பாறை:
உரித்துவிடுங்கள் நண்பரே. நாலு நாளில் இறுகாத எபாக்ஸி நாற்பது நாளானாலும் இறுகாது. மேலே என்ன பூசினாலும் அடி மெத்தென்றுதான் இருக்கும்.

விரால்:
பாறை அண்ணா, இறுகாது என்பது சரி. உரிக்க வேண்டுமா என்பதை இரண்டு சோதனை செய்துவிட்டு முடிவு செய்யலாம். உரிக்கும்போதுதான் கார்பன் பிளாங்கில் (ராடின் வெறும் கோலில்) பிளேடு படும் ஆபத்து அதிகம்.

கெண்டை, முதல் சோதனை: வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து ஒரு கைடைத் துடையுங்கள். ஒட்டல் போய்விட்டால் எபாக்ஸி இறுகிவிட்டது என்று அர்த்தம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே எண்ணெய்ப் பசை போல ஒரு படலம் கட்டும். அது தண்ணீரில் கரையும்.

இரண்டாவது: பல்குச்சி நுனியால் ஓரத்தில் லேசாக அழுத்துங்கள். ரப்பர் போல அமுங்கித் திரும்பினால் ஒரு வழி. குச்சியில் பாகு மாதிரி ஈரம் ஒட்டி வந்தால் வேறு வழி.

காரணம் எதுவென்று பெரிதாகத் தேட வேண்டியதில்லை. சொட்டு எண்ணியதே போதும். ரெசினும் ஹார்டனரும் ஒரே கெட்டியில் இருப்பதில்லை. கெட்டியானது பெரிய சொட்டாக விழும், இளகியது சின்னதாக விழும். பாட்டிலைச் சாய்க்கும் கோணம் மாறினாலும் சொட்டு மாறும். ராட் எபாக்ஸி கன அளவில் 1:1. அதில் ஒரு பக்கம் கூடினால், கூடியது சேர ஜோடியில்லாமல் உள்ளேயே நிற்கும். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்ற எண்ணம் பாலியஸ்டர் ரெசின் வேலையிலிருந்து வந்தது, எபாக்ஸிக்கு அது பொருந்தாது. அரை நிமிடக் கலக்கலும் போதாது. கப்பின் மூலையிலும் குச்சியிலும் ஒட்டியது கலக்காமலே தூரிகையில் ஏறியிருக்கும். காகிதக் கப்பில் மெழுகுப் பூச்சு இருந்தால் அதுவும் சுரண்டி வரும்.

கொடுவா:
குழிக்குக் காரணம் நீங்களே சொல்லிவிட்டீர்கள், சிரிஞ்சு. உள்ளே கறுப்பு ரப்பர் இருக்கும் சிரிஞ்சில், அது வழுக்கிப் போவதற்குச் சிலிகான் எண்ணெய் தடவியிருப்பார்கள். கண்ணுக்கே தெரியாத அந்தத் துளி எபாக்ஸியை விலக்கித் தள்ளும். மேலே மேலே பூசினாலும் அதே இடத்தில் அதே குழி வரும். ரப்பரே இல்லாத, முழுக்கப் பிளாஸ்டிக்கில் வரும் சிரிஞ்சு வாங்குங்கள். ஒன்றில் ‘ரெ’, ஒன்றில் ‘ஹா’ என்று எழுதிவிடுங்கள், மாற்றிப் போடவே கூடாது. ரீலுக்கு அடிக்கும் சிலிகான் ஸ்பிரே, கையில் தடவும் கிரீம் இவையும் இதே வேலையைச் செய்யும்.

சத்தத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பாருங்கள். மேல் துண்டை மட்டும் கையில் பிடித்து லேசாக வளையுங்கள். சத்தம் வந்தால் கைடு அல்லது பிளாங்க். வராவிட்டால் மூட்டில் மெழுகுவத்தி தேய்த்து, கைடுகளைக் கொஞ்சம் கோணலாக வைத்துச் செருகி, திருகி நேராக்கி, ரீல் இல்லாமல் வளையுங்கள். கடைசியில் ரீலை மாட்டி வளையுங்கள். ஒவ்வொரு முறையும் சந்தேகப்படும் இடத்தில் விரல் நுனியை வையுங்கள். கார்பன் சத்தத்தைக் கோல் முழுக்கக் கடத்தும், காது ஏமாறும். விரலில் வரும் அதிர்வு ஏமாற்றாது.

கெண்டை:
பார்த்துவிட்டேன். சோப்புத் தண்ணீரில் துடைத்தும் ஒட்டல் போகவில்லை. பல்குச்சி அமுங்கித் திரும்புகிறது, ஈரம் இல்லை. முனைக்குப் பக்கத்துக் கைடில் மட்டும் ஒரு ஓரத்தில் பாகு மாதிரி ஒட்டி வந்தது.

மேல் துண்டு தனியாக: சத்தம் இல்லை. மெழுகு தேய்த்துக் கோர்த்தபின்: இல்லை. ரீல் மாட்டியதும் வருகிறது. ரீல் காலைப் பிடித்துத் திருகினால் ரீல் சீட் (ரீலை மாட்டும் பிடி) கைக்குள் மிக லேசாக அசைகிறது. தேடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கீழ்த் துண்டில் நான் தொடாத பெரிய கைடின் கால் (நூலால் ராடோடு கட்டும் பகுதி) முடியும் இடத்தில், எபாக்ஸியில் தலைமுடி போல ஒரு வளையக் கோடு. பிளாங்க் விரிந்துவிட்டதா?

விரால்:
அப்படியானால் இரண்டு கைடை உரிக்க வேண்டாம், மேலேயே இன்னொரு பூச்சு போதும். சரியாகக் கலந்த பூச்சு அடியிலிருக்கும் மெத்தென்ற படலத்தை மூடிவிடும். பாகு வந்த ஒன்றைத்தான் உரித்துக் கட்ட வேண்டும்.

ஹேர் டிரையரில் அந்த இரண்டு கைடையும் கை பொறுக்கும் சூட்டில் சில நிமிடம் காட்டி, ஆறவிடுங்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த, பஞ்சு உதிராத துணியால் ஒரே ஒரு தடவை துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் இறுகாத படலம் கலங்கிவிடும். குழி விழுந்த கைடு மற்றதைவிட இறுகியிருந்தால் 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பளபளப்பு மங்கும்வரை தேய்த்துவிட்டுத் துடைக்கலாம். நூலைத் தொட வேண்டாம்.

பாட்டில்களை மூடியோடு 40 டிகிரித் தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். வெளியே ஒட்டிய தண்ணீரைத் துடைத்த பிறகு திறக்க வேண்டும், ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. ஒவ்வொன்றிலும் 3 மி.லி. எடுங்கள். மூன்று கைடுக்கு இது அதிகம்தான், பாதிக்கு மேல் வீணாகும். ஆனாலும் குறைக்காதீர்கள். 1 மி.லி. எடுக்கும்போது 0.1 பிசகினால் பத்தில் ஒரு பங்கு தப்பு. 3 மி.லி.யில் அதே பிசகு முப்பதில் ஒரு பங்குதான்.

மெழுகில்லாத சின்னப் பிளாஸ்டிக் கப்பில், அடியையும் சுவரையும் வழித்து வழித்து 3 நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள். அடிப்பது போலக் கலக்கினால் குமிழிதான் சேரும். முதலில் கோடு கோடாகக் கலங்கித் தெரியும், கோடுகள் மறைந்தபின்னும் ஒரு நிமிடம் தொடருங்கள். கலந்ததை உடனே அலுமினிய ஃபாயிலில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். கப்பிலேயே குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் கெட்டியாகும். பரப்பினால் குமிழியும் தானே உடையும், வேலை நேரமும் கூடும்.

பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். கைடு காலின் அடியில் சுரங்கம் போல இருக்கும் இடைவெளியைத் தூரிகை நுனியால் நிரப்புங்கள், தண்ணீர் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். பத்து நிமிடம் கழித்து ராடைச் சுழற்றாமல் நிறுத்துங்கள். மிஞ்சியது அடியில் தொங்கும், காய்ந்த தூரிகையால் அதை எடுத்துவிடுங்கள். இதை விட்டால்தான் சுற்று நடுவில் பருத்துப் போகிறது. குமிழி தெரிந்தால் ஆல்கஹால் விளக்கின் சுடரை அடியில் ஒரு நொடி ஓட்டி எடுத்தால் உடையும். சிகரெட் லைட்டர் வேண்டாம், கரி படியும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் படலத்தை மங்கலாக்கும்.

மோட்டார் இருந்தால் நிமிடத்துக்கு 10 முதல் 20 சுற்று. இல்லையென்றால் இரண்டு அட்டைப்பெட்டியில் ‘வி’ வெட்டி ராடை மட்டமாகக் கிடத்தி, முதல் அரை மணி நேரம் நிமிடத்துக்கு ஒரு தடவை அரைச் சுற்று, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, மொத்தம் மூன்று மணி நேரம். அறை 24 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பாறை:
விரால் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ரப்பர் பதம் என்றால் மேல்பூச்சு போதும். முனைப் பக்கத்துக் கைடை உரிக்கும் முறை மட்டும் நான் சொல்கிறேன்.

பிளேடைப் பிளாங்க் மேல் வைக்கவே கூடாது. கைடு காலின் முதுகில், உலோகத்துக்கு மேலே படுக்கை வசமாக வைத்து, பென்சில் சீவுவது போல நூலைச் சீவி எடுங்கள். உலோகம் பளிச்சென்று தெரிந்ததும் கைடைக் கழற்றிவிடலாம். மிச்ச எபாக்ஸியை ஹேர் டிரையரில் சூடாக்கி நகத்தால் தள்ளினால் நூலோடு சுருளாக வரும். ஹீட் கன், சுடர் எதுவும் வேண்டாம், பிளாங்கில் இருக்கும் ரெசினே இளகிவிடும். கார்பன் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. குறுக்கே விழும் ஒரு சின்னக் கீறல் அவற்றை அறுக்கும், ராட் பின்னாளில் உடைவது அங்கேதான். பிளாங்கைத் தேய்க்க நேர்ந்தால் தண்ணீர் விட்டுத் தேய்த்து முகமூடி போடுங்கள். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

புது கைடைக் கட்டும் முன் காலை அரத்தால் முதுகுப் பக்கம் மட்டும் ராவி, நுனியைக் கத்தி முனை போல மெலிதாக்குங்கள். நூல் படி ஏறாமல் வழுக்கி ஏற வேண்டும். பிறகு காலின் அடிப்பக்கத்தை உங்கள் கட்டைவிரல் நகத்தின் மேல் இழுத்துப் பாருங்கள். நகத்தில் கோடு விழுந்தால் பிசிறு இருக்கிறது. அந்தப் பிசிறு ராட் வளையும் ஒவ்வொரு தடவையும் பிளாங்கை அறுக்கும்.

காலுக்கு 4 மி.மீ. முன்னால் சுற்றை ஆரம்பித்து, நூலின் வாலை ஆறு சுற்றுக்கு அடியில் அமுக்கி வெட்டுங்கள். முடிய எட்டுச் சுற்று இருக்கையில் ஒரு தனி நூலை மடித்துக் காதாக வைத்து அதன்மேல் சுற்றி, கடைசி நுனியைக் காதில் கோர்த்து உள்ளே இழுங்கள். கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் கைடு மயிரிழை நகர வேண்டும். அசையவே இல்லையென்றால் இறுக்கம் அதிகம்.

கொடுவா:
அந்த வளையக் கோடு பெரும்பாலும் எபாக்ஸியில் மட்டும்தான் இருக்கும். இரண்டு கால் கைடில் கால் வளையாது, பிளாங்க் வளையும், நடுவில் மாட்டிய எபாக்ஸி கால் நுனியில் பிளக்கும். உறுதிப்படுத்த, கோட்டுக்கு இரு பக்கமும் பிளாங்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சுற்றிச் சுற்றி அழுத்துங்கள். எங்காவது அமுங்கினாலோ ‘கிறுக்’ என்றாலோ பிளாங்க் பிளந்திருக்கிறது. இல்லையென்றால் அந்தக் கைடை உரித்து, கால் நுனியை ராவி, மறுபடி கட்டினால் சரி. அப்படியே விட்டால் தண்ணீர் இறங்கிக் கால் துருப்பிடிக்கும்.

சத்தம் ரீல் சீட்டில்தான். சீட்டின் உள்விட்டம் பிளாங்கைவிடப் பெரியது. இடைவெளியை மாஸ்கிங் டேப் சுற்றி நிரப்புவது வழக்கம். டேப்பை இடைவிடாமல் சுற்றிவிட்டால் எபாக்ஸி பிளாங்கைத் தொடவே தொடாது, காகிதத்தில்தான் பிடித்திருக்கும். நாளடைவில் நனைந்து காகிதம் நைந்துவிடும். புதிதாகக் கட்டும்போது டேப்பை வளையம் வளையமாக 6 மி.மீ. இடைவெளி விட்டுச் சுற்றினால், அந்த இடைவெளியில் எபாக்ஸி பிளாங்கோடும் சீட்டோடும் நேராகப் பிடித்துக்கொள்ளும்.

உங்களுடையதைக் கழற்றாமலே சரி செய்யலாம், சீட் முழுக் குழாயாக இருந்தால். ரீல் கால் மூடும் இடத்தில், ஒன்றுக்கொன்று 40 மி.மீ. தள்ளி 2 மி.மீ. துளை இரண்டு. சீட்டின் விளிம்பில் சுவர்த் தடிமனை அளந்து, டிரில் பிட்டில் நுனியிலிருந்து அதே அளவில் அடையாளத்துக்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மோட்டார் டிரில் வேண்டாம், கையால் திருகுங்கள். சுவர் விட்டதும் விரலில் இளகுவது தெரியும், அங்கேயே நிறுத்துங்கள். மெதுவாக இறுகும் ஒட்டு எபாக்ஸியை ஒரு துளையில் ஏற்றி, மற்றதில் எட்டிப் பார்க்கும்வரை தள்ளுங்கள். ஐந்து நிமிட எபாக்ஸி உள்ளே பரவும் முன்பே இறுகிவிடும், ஈரத்துக்கும் தாங்காது. துளைகளை டேப்பால் மூடி 24 மணி நேரம் தொடாதீர்கள்.

கெண்டை:
ரொம்ப நன்றி. ஒரே சந்தேகம். இறுகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ராடையே தொட வேண்டியிருக்கிறது, ரேகை விழுந்துவிடுகிறது. எத்தனை நாளில் மீன் பிடிக்கப் போகலாம்?

விரால்:
ஃபாயிலில் மிஞ்சிய கலவையை எறியாமல் ராட் பக்கத்திலேயே வையுங்கள். தொட்டுப் பார்ப்பதெல்லாம் அதைத்தான். மறுநாள் அதில் நகத்தை அழுத்திப் பாருங்கள், ஒட்டாமல் இருந்தால் போதும், லேசாகப் பதிந்தால் பரவாயில்லை. முழுக் கெட்டிக்கு ஒரு வாரம் விடுங்கள். அதற்குப் பிறகு லைனை எல்லாக் கைடிலும் கோர்த்து அரைக் கிலோ எடை கட்டி மெதுவாகத் தூக்குங்கள். கைடுகளுக்கு நடுவில் லைன் பிளாங்கின் வளைவையே ஒட்டிப் போகிறதா, கட்டிய கால் நுனியில் புதுக்கோடு எதுவும் விழுகிறதா என்று பாருங்கள். அப்போதும் ‘டிக்’ வந்தால் சீட்டில் எபாக்ஸி எல்லாப் பக்கமும் எட்டவில்லை. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை போட வேண்டியிருக்கும்.