கொடுவா பட்டன் மட்டும் விலை காட்டுதில்லை: பட்டனை எதைக்கொண்டு அடையாளம் காணுறது?

கடற்கரைப்பொடியன், திருகோணமலை:
வணக்கம். மாமாவுக்கு உப்புவெளியில மீன் வாடி. அவருக்கு நிறுவைக் கணக்குப் பாக்க, பைதனில பைகியூட்டி 6 (திரையில பட்டன், பெட்டி எல்லாம் செய்யிற நூலகம்) வச்சு ஒரு புரோகிராம் எழுதினனான். திரையில 14 பட்டன்: சூரை, பாரை, விளை, அறுக்குளா, சாளை, கணவாய் எண்டு போகுது. மீனைத் தட்டி, கிலோவை அடிச்சா காசு வரும். எல்லாப் பட்டனுக்கும் ஒரே ஸ்லொட் (பட்டனைத் தட்டினா ஓடுற ஃபங்ஷன்). உள்ளுக்கு, எந்தப் பட்டனைத் தட்டினது எண்டு சொல்லுற செண்டர்() போட்டு, தட்டின பட்டனிட டெக்ஸ்ட்டை எடுத்து விலைப்பட்டியலில தேடுறன்.

13 சரி. கொடுவாவுக்கு மட்டும் கீஎரர் (தேடின சொல் பட்டியலில இல்லை எண்ட பிழை). பட்டியலில கொடுவா இருக்கு, கண்ணால பாக்கிறன். நேற்று விடிய வள்ளம் வந்து, வாங்க வந்த சனம் காத்து நிக்க, மாமா கொப்பியில எழுத வேண்டியதாப் போச்சு. பட்டியல் பழைய பாமினி (யூனிகோட் இல்லாத தமிழ் எழுத்துரு) ஃபைலில இருந்து மாத்தினது. பட்டன் பெயர் நான் யூனிகோடில அடிச்சது.

மூதூரான்:
தம்பி, பாமினியில இருந்து மாத்தினது எண்டதுதான் பிழை. பட்டனில உள்ள சொல், பட்டியலில உள்ள சொல் ரெண்டுக்கும், குறிகளை எண்ணுற லென்() போட்டுப் பாரும். 'கொ' எழுத யூனிகோடில ரெண்டு வழி இருக்கு. கொம்பும் அரவும் சேர்ந்த ஒரே குறியாப் போடலாம். கொம்பைத் தனியா, அரவைத் தனியாவும் போடலாம். திரையில ஒரே வடிவம்தான், ஆனா பைதனுக்கு அது வேற சொல். பட்டியலை வாசிக்கேக்க பைதனிட யூனிகோட்டேட்டா மொடியூலில நோர்மலைஸ் எடுத்து என்எஃப்சி (சேர்ந்த ஒரே குறி வடிவம்) ஆக்கிவிடும்.

கடற்கரைப்பொடியன்:
அண்ணா, பட்டனில 6, பட்டியலில 7! ரெண்டு நாள் இதுக்குப் பின்னால திரிஞ்சன்.

நிலாவெளி அக்கா:
தம்பி, என்எஃப்சி போட்டதோட விடாதீங்கோ. பட்டனில உள்ள எழுத்து வாங்க வாற ஆளுக்கு. அதை வச்சுப் புரோகிராம் பட்டனைத் தேடக்கூடாது. நாளைக்கு மாமா "பெரிய விளை" எண்டு மாத்தச் சொன்னாலும், சிங்களத்தில பெயர் போடச் சொன்னாலும் திரும்பவும் உடையும்.

ஒவ்வொரு மீனுக்கும் ஒரு எண் குடுங்கோ. பட்டனைச் செய்யேக்க, பட்டனோட ஒரு தகவலை ஒட்டி வைக்கிற செட்புரொப்பர்ட்டியில அந்த எண்ணை வையுங்கோ. ஸ்லொட்டில புரொப்பர்ட்டியை வாசிச்சு, எண்ணால விலையைத் தேடுங்கோ. ஆப்ஜெக்ட்நேமும் (திரையில தெரியாத உள்பெயர்) வைக்கலாம், நிறம், அளவு எழுதுற ஸ்டைல்ஷீட்டில ஒரு பட்டனுக்கு மட்டும் நிறம் மாத்த அது நல்லா உதவும். ஆனா ரெண்டு பட்டனுக்கு ஒரே பெயர் வச்சாலும் கியூட்டி தடுக்காது. அந்தப் பெயரால தேடுற ஃபைண்ட்சைல்ட் அதில ஒண்டைத்தான் தரும்.

கியூட்டி டிசைனரில (பட்டனை இழுத்து வச்சுத் திரை செய்யிற கருவி) செய்தா, அது தானா வைக்கிற புஷ்பட்டன்_2, புஷ்பட்டன்_3 எண்ட பெயரை அப்பிடியே விடாதீங்கோ. ஆறு மாசம் கழிச்சு எது சாளை, எது சூரை எண்டு நீங்களே தேடுவீங்கள்.

செண்டர் வேண்டாம், லாம்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) போடுவம் எண்டு நினைச்சா ஒண்டைக் கவனியுங்கோ. லூப்புக்குள்ள லாம்டா எண்=எண் எண்டு மட்டும் எழுதினா, பட்டனைத் தட்டினதை அறிவிக்கிற கிளிக்ட் சிக்னல் அனுப்பிற ஃபால்ஸ் எண்ட மதிப்பு வந்து உங்கட எண்ணிட இடத்தில இருந்திடும். முதல் இடத்தில செக்ட் எண்டு ஒண்டை வச்சு, அதுக்குப் பிறகு எண்=எண் போடவேணும். நான் இதில ஒரு இரவு முழுக்க மாட்டுப்பட்டனான்.

கடற்கரைப்பொடியன்:
எண்ணுக்கு மாத்திட்டன் அக்கா. இண்டைக்கு விடிய முதல் வந்ததே கொடுவாதான், நாலு கிலோ, விலை சரியா வந்தது. பட்டனில தமிழுக்குக் கீழ சிங்களத்திலயும் பெயர் போட்டாச்சு. ஒண்டும் உடையேல்லை.