குழுச் சந்திப்பில் பிள்ளை கை ஓங்கியபோது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தாம்பரம் அம்மா

16 வயதைத் தாண்டிய ஆட்டிசப் பிள்ளைகளுக்காக எங்கள் பகுதியில் நடக்கும் ஆதரவுக் குழுவில், ஒரு பிறந்தநாளன்று நடந்ததை என்னால் இன்னும் கடக்க முடியவில்லை. எல்லோரும் கைதட்டிப் பாடத் தொடங்கியதும் என் மகன் தன் கையையே கடித்தான். அடுத்த நொடி நாற்காலியைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் நின்ற பையனைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். பெரியவர்கள் ஓடிவந்து அதட்டியபடி தோளைப் பிடிக்க, அவன் மேலும் மூர்க்கமானான். அப்போது தன்னார்வலராக வரும் கல்லூரிப் பெண் ஒருத்தி, மற்றவர்களை வராந்தாவுக்குப் போகச் சொல்லிவிட்டு, டியூப்லைட்டை அணைத்து, அவனுக்குக் கையெட்டாத தூரத்தில், அவன் முகத்தைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. சிறிது நேரத்தில் அவனும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அந்த வாரமே, இனி அவனை அழைத்துவர வேண்டாம் என்று நிர்வாகிகள் சொல்லிவிட்டார்கள். அவன் அமைதியான விதத்தையும் கண்ணால் கண்டவர்கள், அடித்ததை மட்டும் ஏன் கணக்கில் எடுத்தார்கள்?

ஒரு தந்தை, மதுரை

அம்மா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அறை வாங்கிய பையனுக்கு நீங்கள் அரை வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். எங்கள் ஊர்க் குழுவில் அடி வாங்கியவன் என் மகன். அவனுக்குப் பேச்சு வராது. டேப்லெட்டில் படங்களைத் தொட்டுத்தான் பேசுவான். மறுவாரம் கிளம்பும் நேரத்தில், குழு கூடும் கட்டடத்தின் படத்தைத் தொட்டான், பிறகு ‘வேண்டாம்’ என்பதைத் தொட்டான், திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டே இருந்தான். அடித்த பிள்ளையின் மீது எனக்குக் கோபம் கிடையாது. என்ன மாற்றியிருக்கிறோம், இனி உங்கள் பிள்ளை பயமின்றி வரலாம் என்று எங்களிடம் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

சிறப்பு ஆசிரியர்

தந்தை கேட்பது நியாயமே; ஆனால் விலக்கிவைப்பது அதற்கு விடையாகாது. என்னிடம் வந்த ஓர் இளைஞன் திடீரென்று பிறரை முட்டத் தொடங்கினான். கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஈறு வீங்கியிருந்ததைப் பல் மருத்துவர்தான் கண்டுபிடித்தார். ஆகவே, ஒவ்வொரு சம்பவத்துக்கும் முன்பு என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், அதன்பின் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்ற மூன்றையும் எழுதிவையுங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் அதிகம், வளரிளம் பருவத்திலும் அது புதிதாகத் தொடங்கலாம். குப்புறப் படுக்கவைத்து அழுத்திப் பிடிக்கவே கூடாது; மூச்சு முட்டி உயிரே போகலாம். மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ரிஸ்பெரிடோன் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2006இல் அனுமதி கிடைத்தது, ஆட்டிசம் உள்ள 5 முதல் 16 வயதுவரையானவர்களின் கடும் எரிச்சலுக்காக (கோபம், அடித்தல் போன்றவை), ஆட்டிசத்தையே குணப்படுத்த அல்ல. உடல் எடை வெகுவாகக் கூடும் என்பதால், மனநல மருத்துவரின் தொடர் கண்காணிப்பு இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

ஆட்டிசம் உள்ள இளைஞன்

ஆசிரியர் ஐயா, இவ்வளவு எழுதிய நீங்கள், எங்களிடமே கேட்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. நான் சென்ற குழுவில், பக்கத்துச் சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தபோது, ஒருங்கிணைப்பாளர் ஒரே கேள்வியை மேலும் மேலும் உரக்கக் கேட்டபடி என் தோளில் கை வைத்தார். எனக்குச் சொற்கள் வரவில்லை; அந்தக் கையைத் தட்டிவிட்டேன். குறிப்பேட்டில் ‘தாக்கினான்’ என்று எழுதப்பட்டது. மிக்ஸியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. இப்போது நான் செல்லும் இடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் உள்ளன. சிவப்பை அணிந்திருந்தால் யாரும் என்னிடம் வந்து பேச மாட்டார்கள், காரணம் சொல்லாமலே வெளியேறலாம். தாம்பரம் அம்மா, பாட்டு தொடங்கப்போகிறது என்று உங்கள் மகனுக்கு முன்கூட்டியே சொன்னார்களா, எழுந்து வெளியே போக அவனுக்கு வழி இருந்ததா என்று நிர்வாகிகளிடம் கேளுங்கள். மதுரை ஐயா, உங்கள் மகன் ‘வேண்டாம்’ என்றது கட்டடத்தையா, அங்குள்ள ஒருவரையா என்பதை அவன் டேப்லெட்டிலேயே கேட்டுப் பாருங்கள். ஒருவரைத்தான் என்றால், இருவரும் வெவ்வேறு நாட்களில் வர ஏற்பாடு செய்யலாம்.